கரி வைக்காத சோறு

கோகிலாம்பாளின் போன் வந்தபோது ராக்கம்மாள் முழங்கை வரை சேற்றோடு நின்றிருந்தாள். கரிமூட்டம் போட்டு ஐந்தாம் நாள். வேலிக்கருவைத் தூரையும் கட்டையையும் ஆள் உயரத்துக்கு அடுக்கி, மேலே வைக்கோலைப் பரப்பி, மண்ணைக் குழைத்துப் பூசி, உள்ளே தீயை வைத்துவிட்டால் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு அந்த இடத்தை விட்டு நகர முடியாது. மண்பூச்சு எங்கே வெடிக்கிறதோ அங்கே உடனே சேற்றை அப்ப வேண்டும். விரல் நுழைகிற ஓட்டை போதும், காற்று உள்ளே போய்க் கட்டையெல்லாம் கரியாகாமல் சாம்பலாகிவிடும். அன்றைக்கு மேல்காற்று வேறு. ராக்கம்மாளும் கூட்டு வேலைக்காரி முருகலட்சுமியும் காலையிலிருந்து மூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள்.

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். கோகிலாம்பாள் இவள் ஊரிலிருந்து பாலவனத்தம் பக்கம் வாக்கப்பட்டுப் போனவள். அங்கே ரோட்டோரத்தில் தகரக் கொட்டகை போட்ட ஜெபவீட்டைக் கூட்டிப் பெருக்குகிறாள். அந்த ஜெபவீட்டில்தான் ராக்கம்மாளின் மகள் யுவராணி ஒன்பது நாளாகக் கிடந்தாள்.

"ராக்கக்கா, நான் சொன்னேன்னு வெளிய சொல்லிராத. ஒம் மக பசிக்குது பசிக்குதுன்னு மூணு நாளாக் கேக்குதுக்கா."

"கேட்டா குடுக்க வேண்டியதுதான?"

"அது யுவராணி இல்லையாம். உள்ள இருக்குற பிசாசு கேக்குதாம். அது கேக்கக் கேக்க இவுக சத்தத்தக் கூட்டிப் பாடுறாக. இன்னிக்குக் காலையில இருந்து அதுவும் கேக்கல. வாய் மட்டும் அசையுது. அதான் போன் போட்டேன்."

ராக்கம்மாள் போனை இடுப்பில் செருகினாள். கோபம் வந்தால் அவளுக்குப் பேச்சு நின்றுவிடும், கைதான் வேகமாக ஓடும். கீழே கிடந்த சேற்றை அள்ளி மூட்டத்தில் அறைந்தாள். வெடிப்பே இல்லாத இடத்தில் அறைந்தாள்.

யுவராணியை அருப்புக்கோட்டையில் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை காளீஸ்வரன் பவர்லூம் ஓட்டுகிறவன். குடி கிடையாது, கை நீட்டுகிற பழக்கமும் கிடையாது. அம்மா சொன்னதைக் கேட்பான், அது ஒன்றுதான் அவனிடம் நல்லதும் கெட்டதும். சித்திரையில் யுவராணிக்கு ஏழாம் மாசத்திலேயே பிரசவமாகி, பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தாள். தலை சீவ மாட்டாள். திடீரென்று எழுந்து போய்க் காலித் தொட்டிலை ஆட்டுவாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஆறுதான் இருக்கிறது, மாத்திரையை விடக்கூடாது, நன்றாகச் சாப்பிட வேண்டும், மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடமும் ஒரு தடவை காட்டுங்கள் என்று எழுதிக்கொடுத்தார்கள். அந்தச் சீட்டு மாப்பிள்ளை வீட்டில் சாமிப்படம் மாட்டியிருந்த ஆணியில் தொங்கியது. சாமிப்படத்தைக் கழற்றிவிட்டார்கள், ஆணி இருந்தது.

கழற்றியது சம்பந்தியம்மாள் தங்கலட்சுமி. அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பதினோரு வருஷம் மண்டையிடியோடு கிடந்தவள், ஜெபவீட்டுக்குப் போன பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினாள். தனக்குக் கேட்ட மருந்து மருமகளுக்கும் கேட்கும் என்று நினைத்தாள். இருபத்தொரு நாள் உபவாசம், சாயந்தரம் ஒரு டம்ளர் பழச்சாறு, மற்றபடி தண்ணீர். மாத்திரை வேண்டாம், விசுவாசம் குறைந்துவிடும். ரத்தம் ஆறு இருக்கிற பிள்ளைக்கு இந்த ஏற்பாடு. இதைக் கேட்டு மண்டையை ஆட்டிய பெரிய மனுஷர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் அதில் ராக்கம்மாளும் ஒருத்தி. அந்த நினைப்புத்தான் அவளை உள்ளே சுட்டுக்கொண்டிருந்தது.

உபவாசம் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். நகக்கண்ணில் கரி போகாமல், இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். பாஸ்டர் பாண்டீஸ்வரன் முன்னாளில் மைக் செட் வைத்திருந்தவர். குரல் நன்றாக இருக்கும். இயேசு சாமி வனாந்தரத்தில் நாற்பது நாள் ஒன்றும் சாப்பிடாமல் இருந்த கதையைச் சொன்னார். பசி வந்த நேரத்தில் சாத்தான் வந்து, இந்தக் கல்லையெல்லாம் அப்பமாக்கிச் சாப்பிடலாமே என்று சொன்னானாம். ராக்கம்மாளுக்கு அந்த வனாந்தரம் நன்றாகத் தெரிந்தது. கல்லும் முள்ளும், தலைக்கு மேல் வெயிலும். அவள் வேலை செய்கிற இடமே அதுதான். கதையில் ஒரு இடம் மட்டும் அவளுக்கு ஒட்டவில்லை. அறியாதவள்தானே, வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

"அய்யா, நாப்பது நாளு பட்டினி கெடந்த புள்ளகிட்ட வந்து சாப்புடுன்னு சொன்னவனையா பிசாசுங்கிறீக? அத்தன நாளும் வேற யாரும் வந்து கேக்கலயா?"

கொட்டகையில் சிரிப்பும் ஸ்தோத்திரமும் சேர்ந்து எழுந்தன. பாஸ்டர் கோபப்படவில்லை. வயிற்றைக் காட்டித்தான் சாத்தான் மனுஷனைக் கவிழ்ப்பான் என்று பொறுமையாக விளக்கினார். தங்கலட்சுமிதான் மானம் போனதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு ராக்கம்மாளை யாரும் கூப்பிடவில்லை.

கூப்பிடாமலேயே நான்காம் நாள் போனாள். வீட்டில் நின்ற வெடைக்கோழியை அடித்து, மிளகு தூக்கலாகக் குழம்பு வைத்து, தூக்குவாளியில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, எப்போதும் செய்கிறபடி மேலே ஒரு கரித்துண்டை வைத்து மூடினாள். கறிச்சோற்றை வெளியே கொண்டுபோனால் கரித்துண்டு வைக்க வேண்டும். வாசத்துக்குப் பேய் பின்னாலேயே வந்துவிடும், கரி இருந்தால் அண்டாது. இந்தக் காட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. நாலு வருஷத்துக்கு முன்னால் ஜெபவீட்டில் சேரும் வரை தங்கலட்சுமியே மகனுக்கு அப்படித்தான் கொடுத்துவிடுவாள்.

ஜெபவீட்டு வாசலில் மூடியைத் திறந்ததும் ஒரு பொம்பளை கரித்துண்டைப் பார்த்துவிட்டுச் செய்வினை என்றாள். அவ்வளவுதான். பேய் வராமல் இருக்க வைத்த கரி, பேயை ஏவ வைத்த கரியாகிவிட்டது. தங்கலட்சுமிக்கு அது என்னவென்று தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. யாரோ தூக்குவாளியை வாங்கிப்போய்க் கொட்டகைக்குப் பின்னால் கவிழ்த்தார்கள். நாய்கள் வந்தன. ராக்கம்மாள் காலி வாளியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். கட்டிக்கொடுத்த பிள்ளை, சம்பந்தம் பேசிய வீடு, நாலு பேர் முன்னால் சண்டை போட்டால் நாளைக்குப் பிள்ளை எங்கே போய் வாழும் என்று அவளே அவளுக்குச் சொல்லிக்கொண்டாள். வந்த மறுநாள் மூட்டத்துக்குத் தீ வைத்தாள். இன்றைக்கு இந்தப் போன் வருகிறது.

"முருகலட்சுமி, நான் போயிட்டு வாரேன்."

"மூட்டத்த விட்டுட்டா? மேகாத்து அடிக்குது ராக்கு. ஒத்தையில என்னால ஏலாதுடி. மேக்கால வாய் விட்டுச்சுன்னா அம்புட்டும் சாம்பலு."

"சாம்பலாப் போகட்டும்."

முருகலட்சுமிக்குக் கோகிலாம்பாளின் போன் விவரம் தெரியாது. ராக்கம்மாள் சொன்னதும் தண்ணீர்க் குடத்தை மேற்குப் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

ராக்கம்மாள் வீட்டுக்கு வந்து குளிக்கவில்லை. குளித்தால் பதினோரு மணி பஸ் போய்விடும். கை கால் முகமெல்லாம் கரி அப்படியே இருந்தது. நொய்யரிசியைக் குழையக் குழையக் காய்ச்சி, உப்புப் போட்டு, தெளிவாக இறுத்தாள். பட்டினி கிடந்த குடலுக்கு முதலில் கஞ்சித் தண்ணீர்தான், அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் மனசு கேட்காமல் யுவராணிக்குப் பிடித்த நெத்திலிக் கருவாட்டில் ஒரு பிடி எடுத்து வறுத்து இலையில் மடித்தாள். வாசமாவது பார்க்கட்டும். பழக்கத்தில் கை அடுப்பங்கரையில் கரித்துண்டைத் தேடியது. எடுத்த கரியை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, அடுப்புக்குள் திரும்பப் போட்டாள்.

ஊருக்கும் பஸ் நிற்கிற இடத்துக்கும் நடுவே ஒரு மைல் வேலிக்கருவைக் காடு. ஏறுவெயிலில் கருவாட்டு வாசத்தோடு அந்தக் காட்டுக்குள் ஒத்தையில் போவதற்கு வேறு நாளாக இருந்தால் பயந்திருப்பாள். அன்றைக்கும் முதுகுக்குப் பின்னால் யாரோ வருவது மாதிரிதான் இருந்தது. சருகு நொறுங்கியது. பாதி வழியில் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"வாறதுன்னா வா," என்றாள். "அங்க பேச எனக்கும் ஆளு வேணும்."

திருச்சுழி வந்து, அருப்புக்கோட்டையில் பஸ் மாறி, பாலவனத்தம் தாண்டி இறங்கியபோது மணி ஒன்றரை. பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கருகருவென்று மண்ணும் கரியுமாக ஒரு பொம்பளை வாளியை மடியில் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தால் யார் உட்காருவார்கள்?

கொட்டகை வாசலில் காளீஸ்வரன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். மாமியாரைக் கண்டதும் எழுந்து நின்றான். ராக்கம்மாள் அவனைத் தாண்டி உள்ளே போனாள். தகரத்தின் சூடு தலையில் இறங்கியது. முப்பது பேர் இருப்பார்கள், கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார்கள். முன்னால் பாயில் யுவராணி கிடந்தாள். கன்னம் ஒட்டி, உதடு வெளுத்து, நெற்றியில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. கையை எடுத்து மார்பில் வைத்திருந்தார்கள். ராக்கம்மாளுக்கு அது பிணத்துக்கு வைக்கிற மாதிரி இருந்தது.

தங்கலட்சுமி குறுக்கே வந்தாள். "மதினி, என்ன கோலம் இது? இன்னும் பன்னெண்டு நாள்தான. பொறுத்தது பொறுத்தோம்."

"பொறுத்தது எம் மக மதினி. நீங்களோ நானோ இல்ல."

பாட்டு நின்றது. பாஸ்டர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவர் உதடும் வெடித்திருந்தது. யுவராணிக்காக அவரும் ஒன்பது நாளாகச் சாப்பிடவில்லை. ஏமாற்றுக்காரனாக இருந்திருந்தால் ராக்கம்மாளுக்கு வேலை சுலபமாகப் போயிருக்கும். அந்த ஆள் உண்மையாகவே நம்பினார், அதுதான் கொடுமை.

"அம்மா, உங்க வேதன எனக்குப் புரியுது. ஆனா பசிக்குதுன்னு கேக்குறது உங்க மக இல்ல. அவளப் பிடிச்சிருக்குற பிசாசு. நீங்க இப்ப சோறு குடுத்தா அதுக்குப் பலம் வந்துரும்."

"கேட்டது அதுதானாய்யா?"

"அதுதாம்மா."

"எம் மக கேக்கல?"

"கேக்கல."

"நல்லதுங்கய்யா. அப்பக் கேட்டவுகளுக்கே குடுக்குறேன். அவுகளுக்குத்தான் கொண்டாந்துருக்கேன். தள்ளுங்க."

பிசாசுக்கு யாரும் பாஸ்டர் முன்னால் இப்படி மரியாதை கொடுத்துப் பேசியதில்லை. பக்கத்தில் இருந்த இரண்டு பேர் அவளைப் பிடிக்க வந்து, அவள் கையில் அப்பியிருந்த கரியைப் பார்த்து, செய்வினை நினைப்பில் தயங்கினார்கள். ராக்கம்மாள் கூட்டத்தைப் பார்த்துப் பேசினாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவர்கள் பாடி அமுக்கியிருப்பார்கள்.

"இத்தன பேரு சுத்தி உக்காந்துருக்கீக. பச்ச ஒடம்புக்காரி. ரத்தம் ஆறுதான் இருக்குன்னு ஒங்க எல்லாருக்கும் தெரியும். ஒம்பது நாளு அவளுக்கொரு வாய் கஞ்சி வேணும்னு ஒருத்தருகூடக் கேக்கல. கட்டுனவன் கேக்கல. பெத்தவ நானு, வாளியத் தூக்கிட்டுத் திரும்பிப் பாக்காமப் போனேன். அவ வயித்துக்காக வாயத் தொறந்து கேட்டது அது ஒண்ணுதான். அது பிசாசுன்னா இருந்துட்டுப் போகட்டும். இந்தக் கொட்டாய்க்குள்ள எம் மகளுக்கு ஒறவு அதுதான். அன்னிக்கு நீங்க சொன்ன கதையிலயும் சாப்புடச் சொன்னது அவன்தானய்யா."

பாயில் உட்கார்ந்து மகளின் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். தூக்கும்போது கனமே இல்லை. வாளி மூடியில் கஞ்சியை ஊற்றி உதட்டில் வைத்தாள். முதல் வாய் கடைவாயில் வழிந்தது. இரண்டாவதும் வழிந்தது. தங்கலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மூன்றாவது வாய் தொண்டையில் இறங்குவது எல்லாருக்கும் தெரிந்தது. யுவராணி கண்ணைத் திறந்து அம்மாவின் கரி மூஞ்சியைக் கொஞ்ச நேரம் அடையாளம் தெரியாமல் பார்த்தாள்.

"அம்மா. நான்தாம்மா கேட்டேன்."

ராக்கம்மாள் அடுத்த வாய்க்குக் கஞ்சியை ஊற்றினாள். அழுதால் கை நடுங்கும், கை நடுங்கினால் கஞ்சி சிந்தும்.

"யாரு கேட்டா என்னடி. முழுங்கு."

காளீஸ்வரன் எப்போது உள்ளே வந்தான் என்று தெரியவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரோடு பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். அவன் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அந்தக் குரலுக்குத் திரும்பவில்லை. ரோட்டுக்கு ஓடிப்போய் ஒரு லோடு ஆட்டோவை மறித்து நிறுத்தினான். பாயோடு தூக்கினார்கள். பாயின் ஒரு முனையைக் கோகிலாம்பாள் பிடித்தாள். பாஸ்டர் வழியை விட்டு ஒதுங்கி நின்றார். தூக்கிக்கொண்டு தாண்டும்போது ராக்கம்மாள் அவரைப் பார்த்து, வாளியில் இன்னும் கஞ்சி இருக்கிறது, நீங்களும் குடியுங்கள் என்றாள். அவர் குடிக்கவில்லை.

அருப்புக்கோட்டையில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று தொடங்கிய டாக்டரம்மா, ராக்கம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு மாத்திரைச் சீட்டை எழுதப் போனார். மனசுக்குப் பார்க்கிற டாக்டரும் வந்து யுவராணியிடம் தனியாகப் பேசினார். நாலாம் நாள் மகளை ஊருக்குக் கூட்டிவந்தாள். மூட்டம் மேற்குப் பக்கம் வாயைப் பிளந்து, முக்கால்வாசி வெள்ளைச் சாம்பலாகிக் கிடந்தது. முருகலட்சுமி மீதியைத் தண்ணீர் ஊற்றி அணைத்து, தேறிய கரியைத் தனியாகப் பொறுக்கிக் குவித்திருந்தாள். ராக்கம்மாள் அந்தக் குவியலைப் பார்த்தாள். அவளுக்கு வருத்தமாக இல்லை. கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் தங்கலட்சுமி வந்தாள். ஒத்தையாக, வெயிலில் நடந்து. யுவராணி உள்ளே கட்டிலில் படுத்திருந்தாள். தலை சீவியிருந்தது. மருமகளைப் பார்த்ததும் தங்கலட்சுமிக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அது பொய்க் கண்ணீர் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்த காரியத்தைச் சொன்னாள்.

"ஜெபம் வீண் போகல மதினி. நீங்க வந்து தூக்கிட்டுப் போன அன்னிக்கே அது எறங்கிப் போயிருச்சுன்னு பாஸ்டரய்யா சொல்றாக. அதான் புள்ள தெளிஞ்சிருக்கா. நாளு பாத்து அனுப்பி வைங்க."

"போயிருச்சா?"

"போயிருச்சு மதினி."

"அப்ப அனுப்ப மாட்டேன்." ராக்கம்மாள் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த மசாலாவிலிருந்து கையை எடுக்கவில்லை. "அது இருந்துச்சு, கேட்டுச்சு. நாளைக்கு எம் மகளுக்கு அங்க பசிச்சா யாரு கேப்பா? நீங்க கேப்பீகளா?"

உள்ளேயிருந்து யுவராணிதான் பேசினாள். ரத்தம் பத்துக்கு ஏறட்டும் அத்தே, அப்புறம் எங்கே இருப்பதென்று நானே சொல்கிறேன் என்றாள். அவள் தானாக ஒரு விஷயத்தைச் சொல்லி மாமியார் கேட்டது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை தங்கலட்சுமிக்கு உபவாசம். அது ராக்கம்மாளுக்கும் தெரியும். தெரிந்தே தட்டைக் கழுவிச் சோற்றைப் போட்டு, கத்தரிக்காயும் கருவாடும் போட்ட குழம்பை ஊற்றி முன்னால் வைத்தாள். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை, சாப்பிடுங்கள் என்றாள். தங்கலட்சுமி தட்டையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அப்புறம் கையைக் கழுவினாள். நாலு வருஷத்து வெள்ளிக்கிழமைப் பசியையும் சேர்த்துவைத்துச் சாப்பிடுகிறவள் மாதிரி குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். ராக்கம்மாளுக்குக் கோபம் தீரவில்லை. கோபத்தோடேயே இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

புறப்படும்போது மாப்பிள்ளைக்கென்று ஒரு தூக்குவாளியில் சோறும் குழம்பும் கொடுத்தாள். தங்கலட்சுமி வாளியை வாங்கி மூடப்போனவள், வெளியே காட்டையும் வெயிலையும் ஒரு பார்வை பார்த்தாள். அவள் கை அவளைக் கேட்காமலே அடுப்பங்கரைக்குப் போனது. ஒரு கரித்துண்டை எடுத்துச் சோற்றின்மேல் வைத்தது.

வைத்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. முகம் வெளிறிப் போனது. ராக்கம்மாள் அந்தக் கரியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். செய்வினை என்று சொன்ன வாய்களையும் நாய்கள் தின்ற வெடைக்கோழியையும் பற்றிக் கேட்பதற்கு அவளிடம் ஏராளம் இருந்தது. குனிந்து, கரித்துண்டை இரண்டு விரலால் எடுத்து வாசலுக்கு வெளியே எறிந்தாள்.

"கரி வேண்டாம் மதினி," என்று சொல்லி மூடியை அழுத்தி மூடினாள். "வாறதுன்னா கூடவே வரட்டும். ஒங்க வீட்டுல சாப்புட்டியான்னு கேக்க அது ஒண்ணாவது இருக்கட்டும்."